அண்ணன் உட்கார்ந்த பள்ளம்

எங்கள் காரின் முன்சீட்டுகள் இரண்டும் உள்ளே இறங்கிப் போயிருந்தன. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தால் உடம்பு வலது பக்கம் சரிந்து கதவோடு போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி மேலே வந்து, இடுப்பு கீழே போய், அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பழைய கார் வாங்கினவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. வலப்பக்கப் பள்ளம் யார் உட்கார்ந்து ஆனது என்று எனக்குத் தெரியும். இடப்பக்கப் பள்ளம் யார் உட்கார்ந்து ஆனது என்று தெரியாது. தெரியாததுதான் கூடுதல் தொந்தரவு.

அந்தக் கார் என் மனைவியின் முறைப்பையன் வைத்திருந்தது. அவளுடைய தாய்மாமன் மகன். வருசநாட்டுப் பக்கம் இலவந்தோப்பும் பஞ்சு வியாபாரமுமாக வசதியான ஆள். அவள் பிறந்ததிலிருந்தே அவருக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்திருக்கிறது. அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தோப்புக்குப் போய்விட்டார். அவள் தேனியில் கல்லூரி முடித்தாள். படித்த பெண்ணைப் படித்தவனுக்குத்தான் கொடுப்பேன் என்று என் மாமனார் ஒரே பிடியாக நின்றார். அந்தப் பிடியில்தான் நான் மாப்பிள்ளை ஆனேன். என் அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்கள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை நான் விடுதிகளில் வளர்ந்தவன். இப்போது உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அவருக்கும் கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை இருக்கிறது. அதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

எங்கள் உறவுமுறையில் இன்னொரு கொடுமை உண்டு. அவளுக்கு மச்சான் முறை ஆகிறவர் எனக்கு அண்ணன் முறை. அவளைக் கட்டிக்கொள்ளும் உரிமை அவருக்கும் இருந்தது, எனக்கும் கிடைத்தது. ஆகவே நாங்கள் இருவரும் அண்ணன் தம்பி. யாரைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். அவரும் ‘தம்பி’ என்று கூப்பிடுவார். உண்மையிலேயே பிரியமாகத்தான் கூப்பிடுவார். அதைத்தான் தாங்க முடியாது.

அவர் உயரமான புதுக் கார் ஒன்றை வாங்கியபோது, பழைய காரை வெளியாளுக்கு விற்க மனசில்லை என்று எங்களுக்கே தருவதாகச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் ஊருக்குப் போவதென்றால் தேனி, கண்டமனூர், கடமலைக்குண்டு என்று பஸ் மாறி மாறி நின்றுகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்த பிறகு வீம்பு பிடிக்க முடியவில்லை. இனாமாக வேண்டாம் என்று பணம் கொடுத்துத்தான் வாங்கினேன்.

கார் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு முதல் குத்து விழுந்தது. பக்கத்துச் சீட்டின் சாய்மானத்தைச் சாய்க்கிற பிடியை நான் இழுத்தேன், தூக்கினேன், அமுக்கினேன். அசையவில்லை. “தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். ஒரு கையால் பிடியைத் தூக்கிக்கொண்டே குதிகாலால் சீட்டின் அடியில் ஓர் உதை விட்டு, முதுகால் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். சாய்மானம் மெதுவாகச் சாய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யோசித்துச் செய்தது போலவே இல்லை. சொந்த வீட்டுக் கதவை இருட்டில் திறப்பது போல இருந்தது.

“இது எப்படி உனக்குத் தெரியும்?” என்றேன்.

“அது அப்படித்தான் வரும்” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அப்போது மேற்கொண்டு கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் அந்த உதையை உதைக்கும்போதும் அது எனக்கு விழுந்தது போல இருக்கும்.

பிறகு அவள் மாசமானாள். ஆறு மாதம் தாண்டியதும் இடுப்பு வலி ஆரம்பித்தது. அந்தச் சீட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும், இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். வைகாசியில் ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை வருசநாட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அந்தச் செய்தியோடு அண்ணனின் போனும் வந்தது. சீட்டுச் சங்கதி அத்தை வழியாக, அதாவது என் மாமியார் வழியாக, அவர் காதுக்குப் போயிருக்கிறது.

“என்ன தம்பி, சீட்டு இறங்கிப் போச்சாம்ல?”

“ஆமாண்ணே, லேசா.”

“லேசா என்ன லேசா. நான் உக்காந்த சீட்டுல்ல! நானென்ன ஒத்த ஆளா, மூணு ஆளு பாரம். வலது பக்கம் நம்ம கைங்கரியம். இடது பக்கம் தோப்பு மோட்டாரு உக்காந்தது. உள்ள காயிலு எரிஞ்சு போச்சுன்னா ரிப்பேருக்குத் தேனிக்குத் தூக்கிட்டுப் போகணும்ல? முன்னாடி தூக்கி வச்சு பெல்ட்டையும் போட்டு விட்டுருவேன். ஒருக்கா செக்கிங்ல நிப்பாட்டுன போலீஸ்காரு பாத்துட்டுச் சிரிச்சுட்டாக.”

நானும் சிரித்தேன். மனசு லேசானது. இத்தனை நாளும் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பார்த்தா பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. போனை வைப்பதற்குள் அந்த லேசும் போய்விட்டது. மோட்டாருக்கு எதற்குச் சாய்மானத்தைச் சாய்க்க வேண்டும்?

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “வளைகாப்பு அன்னைக்கு நீங்க ஒண்ணும் மெனக்கெடாதீக தம்பி. நம்ம புது வண்டிய எடுத்துட்டு வாரேன். பிள்ளய அலுங்காம கொண்டாந்து சேத்துருவேன்.”

‘பிள்ள’ என்றார். நானே அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த நிமிஷம் முடிவு செய்தேன். அவளை அவள் அம்மா வீட்டுக்கு நான்தான் கூட்டிப் போக வேண்டும். என் காரில், என் பக்கத்தில், இடுப்பு வலிக்காமல். அதற்கு அந்தச் சீட்டுகள் சரியாக வேண்டும்.

முதலில் பைபாஸ் பக்கம் இருக்கிற குஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் காரைச் சுற்றி வந்து பின்கண்ணாடியில் இருந்த வேல் ஸ்டிக்கரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“அட, இது நம்ம தோப்புக்காரரு வண்டில்ல? எங்கிட்டதான் கவர் போட்டாக. இருங்க, ஒரு போனப் போட்டுருவோம். அவுகளுக்கு எந்த மாதிரி புடிக்கும்னு கேட்டுக்கிட்டுச் செய்வோம்.”

“அவசரமில்லைங்க, அப்புறம் வர்றேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் காரின் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்பதா? கோடை விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. நானே பிரித்துப் பார்ப்பது என்று இறங்கினேன்.

சீட்டைக் கழற்றுவது ஒன்றும் பிரமாதமில்லை. தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புப் பட்டைகள், முன்னால் இரண்டு போல்ட், பின்னால் இரண்டு போல்ட். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் போதும். துரு பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு பொழுது ஊறவைத்தேன். ஓட்டுகிற சீட்டைத் தூக்கி வந்து வாசலில் கிடந்த கட்டிலில் கவிழ்த்துப் போட்டபோது அம்மா கையில் முறத்தோடு வந்து நின்றாள்.

“ஏலே, ஓடுற வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டியே. திரும்பப் பூட்டத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“இதுக்குத்தான் அம்புட்டுப் படிச்சியா?”

உறையைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் வெட்டி எடுத்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் மஞ்சள் பொடியாக உதிர்ந்து கிடந்தது. அதற்குக் கீழே நெளிநெளியான ஸ்பிரிங் கம்பிகள். கதவுப் பக்கத்தில் இரண்டு கம்பிகளின் கொக்கி அறுந்து தொங்கியது. மற்றவை நீண்டு தளர்ந்திருந்தன. ஒரு ஸ்பிரிங்கை அதன் எல்லைக்குள் இழுத்தால், விட்டதும் பழைய நிலைக்கு வரும். எல்லை தாண்டி இழுத்தால் வராது. வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம். கரும்பலகையில் எடைக்கல் தொங்கும் படம் போடுவேன். இங்கே அந்த எடைக்கல் அண்ணன். பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்தாலே அவர் எப்படி உட்கார்ந்து ஓட்டியிருப்பார் என்று தெரிந்தது. வலது முழங்கையைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் வளைத்து வளைத்து ஓட்டுவார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஓட்டுகிறவன். அவருடைய பள்ளத்தில் உட்கார்ந்து தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் உடம்பு கூசியது.

அறுந்த கொக்கிகளுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினேன். தளர்ந்த கம்பிகளுக்கு அடியில் கட்டில் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பின்னினேன். தேனியில் மெத்தைக் கடை ஒன்றில் நல்ல கெட்டியான ஸ்பாஞ்ச் இருந்தது. கையால் அமுக்கினால் உடனே எழும்பியது. ஆனால் அந்தக் கெட்டியில் ஒரே துண்டுதான் கைவசம் என்றார்கள். அடுத்த லோடு வளைகாப்பு முடிந்த பிறகுதான் வரும். ஒரு சீட்டுக்குத்தான் அது காணும்.

அந்தத் துண்டை ஓட்டுகிற சீட்டுக்கு வைத்தேன்.

ஓட்டுகிறவன் நேராக உட்கார்ந்தால்தான் வண்டி பத்திரமாகப் போகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் நல்ல காரணம்தான். உண்மை என்னவென்றால் அந்தப் பள்ளத்தை முதலில் தூர்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. உறையைத் திரும்ப மாட்டி, சீட்டைப் பூட்டி, ஏறி உட்கார்ந்தேன். உடம்பு சரியவில்லை. சாலை முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. கார் அன்றைக்குத்தான் என் பெயருக்கு மாறியது போல இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து வெளியில் நின்றபடியே பார்த்தாள். இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு இடுப்பு வலிக்குதுன்னுதான பிரிச்சீக?”

“ஆமா.”

“இப்ப உங்க சீட்டுதான உசந்திருக்கு?”

“உன்னுதும் பண்ணிரலாம். ஸ்பாஞ்ச் இல்லை, வரணும்.”

“எனக்கு வலி வந்துரும், உங்க ஸ்பாஞ்ச் வராது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மாதான் வழி சொன்னாள். “ஸ்பாஞ்சு எதுக்குடா? மாசமா இருக்கிற பிள்ளைக்குச் சூடு. இலவம் பஞ்ச வச்சுத் தைய்யி. குளுகுளுன்னு இருக்கும்.” எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. மெத்தை, தலையணை, தொட்டில், எதுவானாலும் இலவம் பஞ்சுதான். கல்யாணச் சீரோடு வந்த பஞ்சு மூட்டை ஒன்று பரணில் மிச்சம் இருந்தது. இறக்கும்போதுதான் உறைத்தது, அதுவும் அவர் தோப்புப் பஞ்சு. வேறு வழியில்லை. இடப்பக்கச் சீட்டைக் கழற்றி, பழைய ஸ்பாஞ்சின் பள்ளத்தில் பஞ்சைத் திணித்தேன். ஸ்பிரிங் கம்பிகளை லேசாகத் தட்டிவிட்டதோடு சரி, நாடா பின்னவில்லை. பஞ்சு இவ்வளவு இருக்கும்போது நாடா எதற்கு என்று நினைத்துவிட்டேன். தைத்து முடித்தபோது சீட்டு நிறைமாதமாக இருந்தது. அவளை உட்கார வைத்தேன். தலை கூரையில் இடிக்காத குறை.

“ராணி மாதிரி இருக்கே” என்றேன்.

“எம்புட்டு நேரத்துக்கு?” என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனோம். சின்னமனூர் தாண்டுவதற்குள் ராணி பாதி இறங்கிவிட்டாள். வீரபாண்டி வந்தபோது பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். இலவம் பஞ்சு அமுங்கினால் எழும்பாது. மெத்தையை அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டுவது அதற்குத்தான். கார் சீட்டைத் தினமும் கழற்றி வெயிலில் போட முடியுமா? அது மட்டுமில்லை. பழைய உறையின் தையல் ஓட்டைகள் வழியாகப் பஞ்சு இழை இழையாகக் கிளம்பியது. ஜன்னல் காற்றில் கார் முழுக்கப் பறந்தது. அவள் தும்ம ஆரம்பித்தாள். நிறை வயிற்றோடு ஒவ்வொரு தும்மலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அவள் பச்சைச் சேலை வெள்ளையாக இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸம்மா கேட்டேவிட்டார்:

“என்னக்கா, பஞ்சு மெசினுக்குள்ள விழுந்து எந்திரிச்சு வாரீகளா?”

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனை முடிந்து திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “ஒண்ணு சொல்லவா? பழைய பள்ளமே தேவலாம். ஒரு நாளைக்கு நீங்க இங்கன உக்காருங்க. நான் அங்கன உக்காந்துக்கிர்றேன். அப்பத் தெரியும்.”

நான் நேராக, உயரமாக, புது ஸ்பாஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு ஒரு முழம் கீழே, அவர் தோப்புப் பஞ்சுக்கு நடுவில் புதைந்திருந்தாள். இவ்வளவுதான் நான் இத்தனை நாளும் செய்து கிழித்தது. அவரை விரட்டுகிறேன் என்று அவளைப் பள்ளத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே இரண்டு சீட்டையும் கழற்றினேன். ஓட்டுகிற சீட்டில் வைத்த ஸ்பாஞ்சை எடுத்து அவள் சீட்டுக்கு மாற்ற வேண்டும். அப்படியானால் அண்ணனின் பழைய ஸ்பாஞ்ச், அந்தப் பள்ளத்தோடு, மறுபடி எனக்கு வந்து சேரும். அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உறைக்குள் வைத்தேன். வேறு என்ன செய்ய?

அவள் சீட்டுக்கு நாடா பின்னும்போது ஒரு கை குறைந்தது. அவளே வந்து சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாடாவின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக் கட்டிக்கொண்டே, இத்தனை நாளும் வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அந்த உதை இருக்கே, அதை யார் சொல்லிக்கொடுத்தது?”

“எந்த உதை?”

“சீட்டைச் சாய்க்கிறதுக்கு உதைப்பியே.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மாவுக்கு ஆபரேசன் ஆச்சுல்ல, நான் கடைசி வருசம் படிக்கையில. கட்டுப் பிரிக்கிறதுக்கு அடிக்கடி தேனிக்குப் போகணும். உக்கார முடியாது அவுகளுக்கு. நான்தான் சீட்டச் சாச்சு விடுவேன். மச்சான் ஓட்டுவாக. ஒரு தடவ வரவே மாட்டேன்னுச்சு, ஆத்திரத்துல ஓங்கி உதைச்சேன், வந்துருச்சு. மச்சானும் அப்புறம் அப்படியே உதைக்கப் பழகிட்டாக.” நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். “இதத்தான் இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தீகளா?”

“சும்மா கேட்டேன்” என்றேன்.

இதைக் கேட்டதும் என் மனசு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. முன்னே இருந்த எரிச்சல் ஓர் ஊகத்தைப் பற்றியது. இப்போது உண்மையான ஒன்று கிடைத்துவிட்டது. அத்தைக்கு உடம்பு முடியாமல் இருந்த அந்த நாட்களில் நான் பி.எட். விடுதியில் படுத்துக்கொண்டு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் யார் என்றே எனக்குத் தெரியாது. அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது ஓர் ஆள் இருந்திருக்கிறார். அது நான் இல்லை. இதை எந்த ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியும்?

கழற்ற முடிந்ததைக் கழற்றினேன். சாய்மானத்தின் மூட்டை மூடியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது; நடுவில் மிளகு மாதிரி கறுப்புக் கறுப்பாக இலவங்கொட்டைகள். வருஷக்கணக்கில் மூட்டை ஏற்றியதில் போய் அடைந்தது. அந்தக் கட்டிதான் பல் சக்கரத்தை விடாமல் பிடித்திருக்கிறது. உதைத்தால் கொஞ்சம் இளகியிருக்கிறது. கோணி ஊசியால் குத்திக் குத்தி ஒவ்வொரு கொட்டையாக எடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டேன். ஒரு விரலால் தூக்கினேன். சாய்மானம் சத்தமில்லாமல் சாய்ந்தது.

அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா, சொல்லாமல் விட்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சாயங்காலம் அவள் ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பிடியைத் தூக்கி ஓர் உதை உதைத்தாள். சாய்மானம் தடாலென்று பின்னால் விழுந்தது, அவளும் மல்லாந்தாள்.

“யாத்தே! சொல்ல மாட்டீகளா?”

நான் பதறிப்போய்த் தூக்கிவிட்டேன். அவள் திட்டிக்கொண்டே திரும்ப ஒரு முறை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மறுபடியும். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். புது ஸ்பாஞ்சைக் கையால் தட்டிப் பார்த்தாள். உத்தமபாளையம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். இறங்கும்போது கதவைப் பிடிக்காமல் இறங்கினாள். நான் மட்டும் வலது பக்கம் சரிந்தபடியே வண்டியை நிறுத்தினேன். எனக்கு அது போதும் என்று தோன்றியது. அதற்குப் பிறகும் சில நாள் அவள் கால் தன்னால் உதைக்கப் போகும். பாதியில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்வாள். நான் கியரைப் பார்ப்பது போல அவள் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கால் அசையவே இல்லை.

வளைகாப்பு அன்று வருசநாட்டிலிருந்து ஒரு வேன் நிறையச் சனமும், முன்னால் அண்ணனின் புதுக் காரும் வந்தன. கை நிறைய வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோறும் சாப்பிட்டு முடித்தார்கள். நான் காலையிலேயே காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, அவள் சீட்டில் புதுத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தேன்.

கிளம்புகிற நேரம் அண்ணன் தன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டு, “வாத்தா” என்றார். அவள் ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்தாள். உயரம். இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். உட்கார்ந்ததும் முகத்தைச் சுளித்தாள். புதுக் காரின் ரெக்சின் வாடை அவளுக்குக் குமட்டியது.

“வேணாம்மா. எனக்கு எங்க காரே போதும். அதுலதான் இடுப்பு வலிக்கல” என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

‘எங்க கார்’ என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். பின்னாலிருந்து அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏலே, நீ எங்க போற?”

“கூட்டிட்டுப் போயி விடணும்ல?”

“கிறுக்கா உனக்கு? வளைகாப்பு முடிச்சுப் பெத்தவக கூட்டிட்டுப் போறதுதான் முறை. கட்டுனவன் கொண்டுபோயி விட்டா, பொண்டாட்டிய அவ ஆத்தா வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான்னுல்ல ஊரு பேசும்? ஆஸ்டல்ல வளந்த பய, ஒரு மண்ணும் தெரியல.”

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் சீட்டைப் பிரித்துப் பூட்டினேனே, இதை ஒருத்தரிடம் கேட்கவில்லை. கூட்டம் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல், “மாப்ளைக்கு ஆசை இருக்காதா?” என்றார். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அண்ணன் என் தோளில் கை போட்டார். “அதுக்கென்ன தம்பி, சாவிய எங்கிட்டக் குடுங்க. இந்த வண்டி எனக்குத் தெரியாததா? என் வண்டி இங்கனயே கெடக்கட்டும். நாளைக்கு வந்து மாத்திக்கிருவோம்.”

சாவியைக் கொடுத்தேன். அத்தை பின்சீட்டில் ஏறினார். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் விரித்த துண்டின் மேல். அண்ணன் மறுபக்கம் ஏறித் தொப்பென்று உட்கார்ந்தார். ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

“ஆகா! நம்ம பள்ளம் அப்படியே இருக்கே! தாய் மடி மாதிரி இருக்கு தம்பி!” என்று எனக்குக் கேட்கும்படி கத்தினார்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? என் மனைவிக்காக நான் பார்த்துப் பார்த்துச் செய்த சீட்டில் அவள். அவளுக்காக நான் விட்டுக்கொடுத்த பள்ளத்தில் அவர். நான் தெருவில் நின்றேன்.

அப்போது அவர் அவள் பக்கம் திரும்பினார். “இரு, நீ உதைக்காத, இந்த வயித்தோட. நான் தட்டி விடுறேன்” என்று கையை நீட்டினார்.

“வேணாம் மச்சான்” என்றாள் அவள். ஒற்றை விரலால் பிடியைத் தூக்கினாள். சாய்மானம் சத்தமில்லாமல் சாய்ந்தது. “இப்பத் தொட்டாலே வரும். அவுக சரி பண்ணிட்டாக.”

அண்ணன் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தப் பிடியைப் பார்த்தார். “அட” என்றார். பிறகு கையை எடுத்துக் கியரில் வைத்தார். எப்போதும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிற மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக வளையல் கையை ஆட்டினாள். கார் வளைவில் திரும்புகிற வரை அந்தச் சத்தம் கேட்டது.

வேனும் போய்விட்டது. வாசலில் அவருடைய புதுக் கார் மட்டும் வெயிலில் நின்றது. “நிழல்ல ஒதுக்கி நிப்பாட்டு, அவுக நல்ல மனுசன்” என்றாள் அம்மா. நான் ஏறிப் பத்திரமாக நகர்த்தி வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். சீட்டு தட்டையாக, இறுக்கமாக இருந்தது. பள்ளம் விழ இன்னும் பல வருஷம் ஆகும். இறங்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. கதவுப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து, நன்றாக அழுத்தி, வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.